கருவாட்டு ஆய்வறிக்கை: ஈரப்பதம் மட்டும் பார்த்தால் போதாது

தேவிபட்டினத்திலோ தங்கச்சிமடத்திலோ காய்ந்த கருவாட்டை வெளியூர் வியாபாரிக்கு அனுப்பினால், இப்போதெல்லாம் ‘லேப் ரிப்போர்ட் இருக்கா?’ என்று கேட்கிறார்கள். பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் மகளிர் குழுக்களிடமும் இதே கேள்விதான். அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் போவது ஈரப்பதம் என்ற வரிக்கு. 40 சதவீதம் என்றிருந்தால் ‘இன்னும் காயணும்’, 30 என்றிருந்தால் ‘நல்லாக் காஞ்சிருக்கு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த முடிவு பல சமயம் தப்பாகப் போகிறது. ஈரம் 40 சதவீதம் உள்ள உப்புக் கருவாடு ஒன்று மாதக்கணக்கில் தாங்கும். அதே 40 சதவீதம் உள்ள இன்னொன்று பத்து நாளில் பிசுபிசுத்து நாற்றமெடுக்கும். வித்தியாசம் உப்பில் இருக்கிறது. உப்பையும் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் மூன்றாவது எண்தான் கருவாட்டின் ஆயுளைச் சொல்லும். அதன் பெயர் நீர்ச் செயல்பாடு. ஆய்வகங்களில் ‘வாட்டர் ஆக்டிவிட்டி’ என்பார்கள்.

நீர்ச் செயல்பாடு என்றால்

மீன் தசையில் உள்ள தண்ணீர் முழுவதும் கிருமிக்குக் கிடைப்பதில்லை. ஒரு பகுதி உப்போடும் புரதத்தோடும் பிணைந்து கிடக்கிறது. மீதி எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரையுள்ள அளவில் சொல்கிறோம். சுத்தமான தண்ணீருக்கு 1. பச்சை மீனுக்கு ஏறக்குறைய 0.99. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளர முடியாமல் நின்றுவிடும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மட்டும் அடம்பிடித்து 0.86 அளவு வரை வளரும். சாதாரணப் பூஞ்சைகள் 0.80 வரை தாங்கும். அதற்கும் கீழே உப்பை விரும்பும் சில பாக்டீரியாக்களும், வறட்சியைத் தாங்கும் சில பூஞ்சைகளும்தான் மிஞ்சும். 0.60-க்குக் கீழே எதுவும் வளராது.

இப்போது அந்த இரண்டு கருவாடுகளையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டிலும் 100 கிராமில் 40 கிராம் தண்ணீர். முதல் கருவாட்டில் உப்பு 20 கிராம். 100 கிராம் தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைத்தான் கரைத்துக்கொள்ளும். ஆகவே 40 கிராம் தண்ணீருக்கு 14.4 கிராம் போதும். மீதி 5.6 கிராம் கரையாமல் பொருக்காக நிற்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுக்கத் தெவிட்டிய உப்புநீர். தெவிட்டிய உப்புநீரின் நீர்ச் செயல்பாடு 25 டிகிரி செல்சியஸில் 0.75. இரண்டாவது கருவாட்டில் உப்பு 8 கிராம்தான். 40 கிராம் தண்ணீருக்கு 8 கிராம் என்றால் கிலோ தண்ணீருக்கு 200 கிராம். அந்தச் செறிவில் நீர்ச் செயல்பாடு 0.88 பக்கம் வரும். ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர அது தாராளம். ஈரப்பத வரியில் இரண்டுக்கும் ஒரே எண் என்பதைக் கவனியுங்கள்.

0.75 என்ற எண்ணுக்குக் கடற்கரையில் இன்னொரு அர்த்தமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேலே போனால் உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன், மண்டபம் பக்கம் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம். அதனால்தான் நன்றாகக் காய்ந்து கொட்டகையில் திறந்து கிடக்கும் உப்புக் கருவாடு மழைக்காலத்தில் தானாக வியர்க்கிறது. உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வியர்க்கும், கசப்பும் தட்டும். வாலிநோக்கம் மாதிரி உப்பளங்கள் பக்கத்திலேயே இருந்தும், நல்ல உப்பாகப் பார்த்து வாங்க வேண்டியிருப்பது இதனால்தான். ஆய்வில் 0.74 காட்டிய கருவாட்டைத் திறந்த சாக்கில் வைத்தால் அந்த எண் அந்தச் சாக்கோடு போயிற்று. அடைப்பு முக்கியம்.

சாம்பிள் எடுப்பதில்தான் பாதித் தவறு

கருவியைக் குறை சொல்வதற்கு முன்னால் சாம்பிளைப் பாருங்கள். ஒரு மீனுக்குள்ளேயே வயிற்றுச் சதை மெலிந்து காய்ந்திருக்கும், முதுகெலும்பை ஒட்டிய தடித்த சதையில் ஈரம் நிற்கும். மேல் மூட்டையும் அடி மூட்டையும் ஒன்றாகாது. நெத்திலி, காரல் போன்ற பொடிமீன் என்றால் பல மூட்டைகளின் மேல், நடு, அடியிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைச் சேர்த்து, அரைக்கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். கட்டா, சீலா போன்ற பெரிய மீன் என்றால் முழுமீனாகச் சிலவற்றைக் கொடுப்பதே மேல். வயிற்றுப்பக்கத் துண்டு மட்டும் கொடுத்தால் அறிக்கை உங்களைக் குளிரவைக்கும், சரக்கு காலைவாரும்.

துணிப்பையில் சாம்பிள் அனுப்பவே கூடாது. தடித்த பிளாஸ்டிக் உறையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, அதை இன்னொரு உறைக்குள் போடுங்கள். கிருமி ஆய்வுக்குத் தனிச் சாம்பிள் வேண்டும்: பிரிக்காத பாக்கெட், அல்லது கிருமிநீக்கம் செய்த பை. ஈரப்பதத்துக்காகப் பிசைந்து அரைத்ததில் மிச்சத்தைக் கிருமி ஆய்வுக்குக் கொடுத்தால், மிக்சி பிளேடில் இருந்த கிருமியும் உங்கள் கணக்கில் சேரும்.

ஈரத்தை அளப்பது

மூடியுள்ள அலுமினியக் கிண்ணம், 105 டிகிரியில் நிற்கும் வெப்பக்காற்று ஓவன், ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டு மூடிய டெசிகேட்டர் என்ற கண்ணாடிப் பாத்திரம், 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு. இவ்வளவுதான் தேவை. காலிக் கிண்ணத்தை ஓவனில் வைத்து, ஆறவிட்டு எடை போடுங்கள். அரைத்த கருவாட்டில் சுமார் 5 கிராம் பரப்பி மறுபடி எடை. ஓவனில் நான்கைந்து மணி நேரம். எடுத்ததும் மூடி, டெசிகேட்டரில் அரைமணி நேரம் ஆறவிட்டு எடை. திரும்ப ஒரு மணி நேரம் ஓவனில் வைத்து, மறுபடி எடை. அடுத்தடுத்த இரண்டு எடைக்குள் வித்தியாசம் 2 மில்லிகிராமுக்குள் வரும்வரை இதைத் தொடர வேண்டும்.

உதாரணமாக: காலிக் கிண்ணம் 32.4150 கிராம், சாம்பிளோடு 37.4230, காய்ந்தபின் 35.4690. எடுத்த சாம்பிள் 5.0080, போன தண்ணீர் 1.9540. ஈரப்பதம் 39.0 சதவீதம்.

கிண்ணம் சூடாக இருக்கும்போதே எடை போட்டால் அதைச் சுற்றி எழும் வெப்பக்காற்று தட்டைத் தூக்கி எடையைக் குறைத்துக் காட்டும். டெசிகேட்டரில் நீல ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டிருந்தால் அது ஈரத்தை வாங்காது. ஓவனில் வறுத்து நீலமாக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். சாம்பிள் கட்டியாக இருந்தால் மேல்புறம் பொருக்கு தட்டி உள்ளே ஈரம் சிறைப்படும். கழுவிக் காய்ந்த மணலோடு கலந்து பரப்பினால் அது நடக்காது. மணலைக் கிண்ணத்தோடு சேர்த்து முதலிலேயே எடை போட்டுவிட வேண்டும். சாளை போன்ற எண்ணெய் மீனை அளவுக்கு மீறி ஓவனில் விட்டால் கொழுப்பு ஆக்சிஜனை வாங்கி எடை ஏறத் தொடங்கும். எடை குறைந்துவந்து திடீரென்று கூடினால், கூடுவதற்கு முந்தைய எடையை எடுத்துக்கொள்வது வழக்கம்.

உப்பை அளப்பது

அரைத்த கருவாடு 2 கிராமை எடை போட்டுக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் 250 மில்லியாக்கி வடிகட்டுங்கள். அதில் 25 மில்லி பிப்பெட் என்ற அளவுக் குழாயில் எடுத்தால் 0.2 கிராம் கருவாட்டின் உப்பு அதில் இருக்கிறது. 5 சதவீதப் பொட்டாசியம் குரோமேட் 1 மில்லி சேர்த்தால் திரவம் மஞ்சளாகும். பியூரெட் என்ற அளவுகோடிட்ட குழாயிலிருந்து 0.1 நார்மல் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் வெள்ளி குளோரைடு வெண்மையாகப் படியும். குளோரைடு தீர்ந்த கணத்தில் அடுத்த சொட்டு வெள்ளி குரோமேட்டாகி செங்கல் நிறம் காட்டும். கலக்கியும் மறையாத முதல் செங்கல் சாயலே முடிவு. ரத்தச் சிவப்பு வரும்வரை காத்திருந்தால் அளவு தாண்டிவிட்டது.

0.1 நார்மல் கரைசல் 1 மில்லிக்கு 5.844 மில்லிகிராம் உப்பு. செலவானது 6.9 மில்லி, வெறும் தண்ணீரில் செய்த சோதனையில் 0.1 மில்லி என்றால், 6.8 × 5.844 = 39.7 மில்லிகிராம். 200 மில்லிகிராம் கருவாட்டில் அது 19.9 சதவீதம்.

நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தச் சோதனை கெடுவதற்கு முதல் காரணம் குழாய்த் தண்ணீர். போர்த் தண்ணீர் உவர்ப்பு. குடுவையை அதில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் மறுபடி அலசாமல் விட்டால் அந்த உப்பும் மீன் கணக்கில் ஏறும். வெறும் நீரில் செய்யும் ஒப்பீட்டுச் சோதனையில் 0.1, 0.2 மில்லிக்கு மேல் செலவானால் கண்ணாடிச் சாமானைச் சந்தேகப்படுங்கள். அடுத்தது அமிலத்தன்மை. கரைசல் அமிலமாக இருந்தால் செங்கல் நிறம் கரைந்து முடிவு தள்ளிப்போகும். காரம் மிகுந்தால் வெள்ளியே பழுப்பாகப் படியும். பிஎச் 7-க்கும் 10-க்கும் நடுவில் இருக்க வேண்டும். புரதக் கலங்கல் தொந்தரவு தந்தால் வோல்ஹார்டு முறைக்குப் போவார்கள்: அளந்த வெள்ளி நைட்ரேட்டை அதிகமாகச் சேர்த்து, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துப் புரதத்தைச் சிதைத்து, மிஞ்சிய வெள்ளியைத் தயோசயனேட்டால் அளப்பது. மீனுக்கு இதுதான் நம்பகமானது, நேரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

வெள்ளி நைட்ரேட் பழுப்புப் பாட்டிலில் இருக்க வேண்டும். கையில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, மறுநாள் கருப்பாகத் தெரியும்.

நீர்ச் செயல்பாட்டு மீட்டர்

சிறு கிண்ணத்தில் சாம்பிளைப் பாதிக்கு மேல் போகாமல் போட்டு மூடிய அறைக்குள் வைத்தால், சாம்பிளுக்கு மேலுள்ள காற்று அதன் ஈரத்தோடு சமநிலைக்கு வரும். ஒரு வகைக் கருவியில் குளிர்ந்த கண்ணாடியில் பனி படியும் வெப்பநிலையை வைத்துக் கணக்கிடுவார்கள். ஐந்து பத்து நிமிடத்தில் எண் வந்துவிடும். இன்னொரு வகையில் ஈர உணரி இருக்கும், அது கொஞ்சம் நிதானமானது.

தினமும் வேலையைத் தொடங்கும்முன் தெரிந்த உப்புக் கரைசலால் கருவியைச் சரிபார்க்க வேண்டும். கருவாட்டுக்கு 0.760 காட்டும் சோடியம் குளோரைடு கரைசல் பொருத்தம், ஏனென்றால் நாம் அளக்கப்போவதும் அந்தப் பக்கம்தான். அது 0.757-க்கும் 0.763-க்கும் வெளியே காட்டினால் முதலில் அறையைத் துடையுங்கள். கருவாட்டு உப்புத்தூள் சிதறி உணரியில் ஒட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த சாம்பிளை உடனே வைக்கக் கூடாது. அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியிட்ட கிண்ணத்திலேயே இருக்கட்டும். வெயிலில் இருந்து வந்த சூடான சாம்பிளும் கெடுதல்தான், ஆவி படிந்து எண் தாறுமாறாகும்.

கெட்டுப்போனதா என்று பார்ப்பது

காய்வதற்கு முன்பே மீன் கெட்டிருந்தால் உப்பு அதை மறைக்கும், திருத்தாது. அதைக் கண்டுபிடிக்க மொத்த ஆவியாகும் கார நைட்ரஜனை அளப்பார்கள். மீன் கெடும்போது வரும் அம்மோனியா, டிரைமெத்திலமைன் போன்றவற்றின் கூட்டுத்தொகை அது. 10 கிராம் சாம்பிளை 6 சதவீதப் பெர்குளோரிக் அமிலம் 90 மில்லியோடு அரைத்து வடிகட்டி, வடிநீரில் 50 மில்லியைக் காரமாக்கி நீராவியில் வடித்து, போரிக் அமிலத்தில் பிடித்து, 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அளக்க வேண்டும். ஒப்பீட்டைக் கழித்தபின் 10 மில்லி செலவானால் 100 கிராமுக்கு 28 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் பச்சை மீனுக்கு இனத்தைப் பொறுத்து 25 முதல் 35 வரை வரம்பு வைத்திருக்கிறது.

அந்த வரம்பைக் கருவாட்டுக்கு அப்படியே பொருத்துவது தப்பு. தண்ணீர் போனதும் மீதியுள்ள எல்லாமே செறிந்துவிடும். சுறாவும் திருக்கையும் இன்னும் மோசம்: அவற்றின் தசையில் இயல்பாகவே யூரியா நிறைய, அது உடைந்து அம்மோனியாவாகும்போது நல்ல மீனிலும் எண் எகிறும். திருக்கைக் கருவாட்டுக்கு இந்தச் சோதனையை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

சூரை, கானாங்கெளுத்தி, சாளை வகைகளுக்கு வேறொரு சோதனை அவசியம்: ஹிஸ்டமின். இந்த மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்தவுடன் ஐஸ் போடாமல் படகில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு எல்லாம் இதனால் வருபவை. வேகவைத்தாலும் வறுத்தாலும் காய்ந்தாலும் இது போகாது. மீனுக்கு மீன், ஒரே மீனில் இடத்துக்கு இடம் அளவு மாறும். ஆகவேதான் ஐரோப்பிய விதி ஒரு சரக்கிலிருந்து 9 சாம்பிள் கேட்கிறது. ஒன்பதின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இரண்டு மட்டும் 100-க்கும் 200-க்கும் நடுவில் இருக்கலாம், எதுவும் 200-க்கு மேல் போகக் கூடாது. எலைசா என்ற விரைவுச் சோதனைக் கிட்டில் முதற்கட்டமாகப் பார்த்து, சந்தேகமானதை எச்பிஎல்சி என்ற, பொருள்களைப் பிரித்துத் துல்லியமாக அளக்கும் கருவியில் உறுதிசெய்வார்கள். ஒரே ஒரு மீனைச் சோதித்து ‘ஹிஸ்டமின் இல்லை’ என்று எழுதிய அறிக்கைக்கு மதிப்புக் குறைவு.

மீன் கெடாமலிருக்கச் சிலர் கலக்கும் ஃபார்மலின் பற்றிச் சுருக்கமாக. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய காகிதப் பட்டைக் கிட் சில நிமிடங்களில் நிறம் காட்டும். அது முதற்கட்டமாகச் சலித்துப் பார்ப்பதற்கு மட்டும். சில மீன்கள் செத்தபின் தானாகவே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடை (ஃபார்மலினில் இருக்கும் அதே பொருள்) உண்டாக்கும், தும்பிலி அதில் ஒன்று. நிறம் வந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாமல், ஆய்வகத்தில் அளவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிருமி ஆய்வில் ஒரு பொறி

25 கிராம் சாம்பிளை 225 மில்லி நீர்மத்தில் கலக்கி, பத்தில் ஒன்றாக நீர்த்துக்கொண்டே போய், பெட்ரி தட்டில் ஊற்றி வளர்த்து எண்ணுவது பொதுவான முறை. கருவாட்டில் முக்கியமாகத் தேட வேண்டியது ஸ்டெஃபிலோகாக்கஸ். கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருவது, உப்பைத் தாங்குவது, அது விடும் நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. பேர்ட்-பார்க்கர் என்ற ஊடகத்தில் (கிருமியை வளர்க்கும் சத்துக் கலவை) சுற்றிலும் தெளிந்த வளையத்தோடு பளபளக்கும் கருப்புப் புள்ளியாக வளரும். சால்மோனெல்லாவுக்கு நான்கைந்து நாள் ஆகும். காய்ந்த உணவில் அது சோர்ந்து கிடப்பதால் முதலில் மிதமான ஊடகத்தில் ஒருநாள் தேற்றிவிட்டுத்தான் கடுமையான ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். மறுநாளே ‘சால்மோனெல்லா இல்லை’ என்று அறிக்கை வந்தால், என்ன முறையில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

பொறி இதுதான். கருவாட்டில் இளஞ்சிவப்பு படர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஹாலோபாக்டீரியம் போன்ற உப்பு விரும்பிகளின் வேலை அது. உப்பளத்து உப்போடு வருபவை. நோய் தராது, ஆனால் சரக்கு விலைபோகாது. இவற்றின் செல் உப்பில்லாத நீரில் வெடித்துச் சிதறிவிடும். அதனால் வழக்கமான நீர்மத்தில் கரைத்து வழக்கமான ஊடகத்தில் வளர்த்தால் தட்டு வெறுமையாக இருக்கும், கண்ணெதிரே கருவாடு சிவந்து கிடந்தாலும். நீர்மத்திலும் ஊடகத்திலும் 20 சதவீதத்துக்குக் குறையாமல் உப்பு வேண்டும், தட்டை வாரக்கணக்கில் காக்க வேண்டும். சாம்பிள் கொடுக்கும்போதே ‘சிவப்புப் படர்கிறது, உப்பு ஊடகத்தில் பாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம். ஒருமுறை பயன்படுத்திய உப்பைத் தொட்டியில் திரும்பப் போடும் வாடிகளில் (கருவாடு போடும் இடங்கள்) இது தொடர்ந்து வரும்.

மணலுக்கும் ஒரு சோதனை உண்டு. சாம்பிளை 550 டிகிரி உலையில் சாம்பலாக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் கரையாமல் மிஞ்சுவது பெரும்பாலும் மணல். கடற்கரை மணலில் நேராகக் காயப்போட்டதா, வலைப்பரணில் காய்ந்ததா என்பதை இந்த ஒரு எண் காட்டிக்கொடுத்துவிடும்.

எதை முதலில் கேட்பது

கையில் காசு குறைவென்றால் உப்பு, ஈரம், நீர்ச் செயல்பாடு மூன்றையும் ஒரே சாம்பிளில் கேளுங்கள். மேலே போட்ட கணக்கை வைத்து மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று நீங்களே பார்க்கலாம். 39 சதவீத ஈரமும் 20 சதவீத உப்பும் இருந்தும் மீட்டர் 0.85 காட்டினால் மூன்றில் ஏதோ ஒன்று தப்பு. அடுத்த செலவு ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு. சூரை, சாளை இனமென்றால் ஹிஸ்டமினை அதற்கும் முன்னால் வையுங்கள்.

ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு, மீன் பொருளுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்றால் பூச்சியம் என்று பொருளில்லை, அந்தக் கருவி காணக்கூடிய அளவுக்குக் கீழே என்று பொருள். அந்த அளவு எவ்வளவு என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். ‘கொடுக்கப்பட்ட சாம்பிளுக்கு மட்டுமே பொருந்தும்’ என்ற கீழ்க்குறிப்பு எல்லா அறிக்கையிலும் வரும். ஆகவே சாம்பிளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீங்களே இறுகக் கட்டி, தேதியும் மூட்டை எண்ணும் எழுதி, ஃப்ரீசரில் வைத்திருங்கள். எண்ணில் சந்தேகம் வந்தால் மறுசோதனைக்கு அனுப்ப அது வேண்டும்.